மூன்றாவது பர்மிஷன்

ஷூவின் மேல்தோலை ஊசிக்கடியில் வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது, லைன் சூப்பர்வைசர் தௌசீப் அகமது ஹெலனின் பின்னால் வந்து நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீசுக்குப் போன் வந்ததாம். உடனே வரச் சொன்னார்களாம். கையிலிருந்த தையல் முடிந்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது பர்மிஷன் என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது. பக்கத்து மெஷின்காரி ஹெலனின் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவே நெருங்கி உட்கார்ந்தபோதும் வலது பாதம் மெஷினை மிதிப்பதுபோல் அசைந்துகொண்டே இருந்தது. மகள் கெசியாவுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மாதத் தொடக்கத்தில் நோட்டுகளைக் கிழித்தாள். போன வாரம் ஒரு பிள்ளையின் டிபன் டப்பாவை ஜன்னல் வழியாக எறிந்தாள். இன்றைக்கு என்ன செய்து வைத்திருக்கிறாளோ. ஓசூரில் வேன் ஓட்டும் கணவன் ஜீவாவிடம் போனில் சொன்னால், நீ செல்லம் ஜாஸ்தி கொடுக்கிறாய் என்பான். செல்லம் கொடுக்க அவளுக்கு நேரம் எங்கே? ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வருவதற்குள் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டு ஃபரீதாவிடம் விட்டுவிட்டு ஓட வேண்டும். சாயங்காலம் உடம்பு முழுக்கத் தோலும் பசையும் நாற, கழுத்து இறுகித் திரும்புவாள். அவள் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு தம்ளர் உருளும், ஒரு கத்தல், ஓர் அடி. நேற்று குடத்துத் தண்ணீரைக் கூடத்தில் கவிழ்த்துவிட்டதற்குக் கரண்டிக் காம்பால் போட்டாள். அவள் கத்துவதால் பிள்ளை இப்படி ஆனாளா, பிள்ளை இப்படி இருப்பதால் அவள் கத்துகிறாளா? யோசிக்கத் தொடங்கினால் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குள் ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் நின்றது.

கெசியா கூடப் படிக்கும் ஹம்மாத்தின் கையைக் கடித்திருந்தாள். பல் பதிந்த இடம் கன்றியிருந்தது. ஹெட்மாஸ்டர் டி.சி. என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார். ஹெலன் வராந்தாவில் நின்ற மகளின் தோளைப் பற்றி உலுக்கியபோது, வகுப்பு டீச்சர் சைரா நடுவே வந்து கையை விலக்கினாள்.

"திட்றதுக்கு உங்களைக் கூப்பிடல. மதியம் முழுக்க பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாருங்க. அப்பறம் பேசலாம்."

வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல ஹெலன் வாயெடுத்தாள். டி.சி. என்ற சொல் காதிலேயே இருந்ததால் சொல்லவில்லை.

சுவரோரமாக இருந்த கடைசி பெஞ்சு அவள் முழங்காலுக்குத்தான் வந்தது. மடங்கி உட்கார்ந்தாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கெசியா நொடிக்கொரு தரம் எழுந்தாள், பென்சிலைத் தட்டினாள், முன்னால் இருந்தவளின் ரிப்பனை அவிழ்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹெலன் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணால் மிரட்டினாள். வீட்டுக்கு வா என்பதுதான் அதன் அர்த்தம். ஐந்தாம் வாய்ப்பாட்டை நாற்பது குரல்கள் சேர்ந்து இழுத்தன. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. பகல் இரண்டு மணிக்குக் கையில் வேலை எதுவும் இல்லாமல் கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். கெசியா வயிற்றில் இருந்தபோதாக இருக்கலாம். ஐயாறு முப்பது. ஐயேழு...

கதவு இடிபடும் சத்தத்தில் விழித்தாள். கன்னத்தில் பெஞ்சின் கோடு பதிந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நான்கு தாண்டிப் பத்து நிமிடம். வெளியே வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஆனால் ஒரு பிள்ளைகூட வகுப்பைவிட்டுப் போகவில்லை. பையை மாட்டிக்கொண்டு எல்லாரும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். கதவின் இரண்டு பக்கமும் கையை விரித்துப் பிடித்து, கெசியா வழியை அடைத்திருந்தாள். ஹம்மாத் அழுதுகொண்டிருந்தான். ஒருத்தியின் பின்னல் அவிழ்ந்து தொங்கியது.

"கையை எடும்மா கெசியா. பெல் அடிச்சு எவ்ளோ நேரமாச்சு," என்றாள் சைரா டீச்சர், வராந்தாப் பக்கத்திலிருந்து.

"எங்கம்மா தூங்குது. இதுங்க கத்திக்கிட்டே போனா முழிச்சிக்கும்."

ஹெலன் எழுந்து பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போனாள். அவமானத்தில் முகம் எரிந்தது. தன் கை ஏற்கெனவே பாதி உயர்ந்துவிட்டிருப்பதை, கெசியாவின் தோள் காதுவரை ஏறிச் சுருங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தாள் பிள்ளை. ஆனால் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

உயர்ந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹெலன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்துட்டேன் பாரு. விட்ரு," என்றாள்.

கெசியா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"பொய். கண்ணு இன்னும் செவப்பா இருக்குது. போய்ப் படு."

ஹெலன் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வேன்காரர்களைப் பார்த்துக் கையமர்த்திக்கொண்டிருந்தாள். இனி கம்பெனிக்குப் போய்ப் பயனில்லை. நாளைக் காலை தௌசீப் அகமதுவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் திரும்பி நடந்து, அந்தக் குட்டைப் பெஞ்சில் மறுபடியும் உட்கார்ந்து, மடித்த கைமேல் தலையைச் சாய்த்தாள்.

முழங்கை இடுக்கு வழியாகப் பார்த்தாள். கெசியா ஒரு கையை மட்டும் கதவிலிருந்து எடுத்தாள். ஷூவைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி ஒவ்வொருவராக விட்டாள். நாற்பது பிள்ளைகளும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நுனிவிரலில் அவளைக் கடந்து போனார்கள். ஒருவனின் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. அவன் முதுகில் பளாரென்று ஓர் அடி போட்டுவிட்டு, கெசியா உதட்டில் விரலை வைத்துக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள்.