நாளைத் திறக்கிற கை

எங்கள் முட்டைக் கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது நான், தனப்பிரியா. பார்த்துக்கொள்வது என்றால் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதிலிருந்து முதலாளி மச்சானின் வாட்ஸ்அப்பை மீட்பது வரை எல்லாம்தான். ஏனென்று கேட்டால், “நீதான கம்ப்யூட்டரு” என்பார்கள். சரி, நான்தான் கம்ப்யூட்டர்.

இந்த மாதம் உருப்படியாக ஒரு வேலை வந்தது. பில், லாரி, தீவனம், சம்பளம் என்று எங்களிடம் நாலு மென்பொருள். நாலுக்கும் பொதுவாக ஒரே லாகின் வாசல். அந்த வாசலின் பழைய வெர்ஷனை விற்றவர்களே மூடப்போகிறார்கள். அதற்குள் நாலையும் அதிலிருந்து கழற்றிப் புது வெர்ஷனில் மாட்ட வேண்டும். முதல் மென்பொருளை மாட்டியதுமே கூத்து வெளியே வந்தது. எங்கள் கம்பெனியில் லாகின் செய்வது ஒரே ஒருவர், வசந்தாமணி. கெங்கவல்லி குடோனில் அவர்தான், அதே நிமிடம் ஜலகண்டாபுரம் கடையிலும் அவர்தான், நாமக்கல் ஆபீஸிலும் அவரேதான். புது வெர்ஷன் மிரண்டுபோய்க் கணக்கைப் பூட்டிவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

வசந்தாமணி அக்கா பில் போடுகிறவர். அவருக்குக் கைராசி என்பது முதலாளி நவநீதகிருஷ்ணனின் நம்பிக்கை. தினமும் காலையில் மென்பொருளில் ‘நாள் திறப்பு’ என்ற பொத்தானை ஒருவர் அமுக்கினால்தான் அன்றைக்குப் பில் விழும், லாரி கேட்டைத் தாண்டும். ஆரம்பத்தில் ஒருநாள் முதலாளியே அமுக்கினார், முட்டை விலை இறங்கியது. மறுநாள் அக்கா அமுக்கினார், ஏறியது. அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது. பொங்கலோ காய்ச்சலோ, அக்கா வந்து அமுக்கிவிட்டுத்தான் எங்கேயும் போகவேண்டும். நமக்கும் கொஞ்சம் ராசி ஒட்டட்டுமே என்று மற்றவர்களும் அவர் பெயரிலேயே நுழையப் பழகிவிட்டார்கள்.

கணக்கு ஏன் பூட்டியது என்று நான் அக்காவிடம் விளக்கப்போனேன். அவர் காதில் அது விழவில்லை, மகளைப் பற்றிய கவலை இருந்தது.

“கிருத்திகா மொதப் பிரசவத்துக்கு நம்மூட்டுலதான் இருந்தா. நான் இங்க வந்து அமுக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்குள்ள பையன் பொறந்துட்டான். ‘அம்மா வரலியா’ன்னு வலியில கேட்டுட்டே இருந்தாளாம். இப்ப ரெண்டாவது, மேச்சேரில மாமியா ஊட்டுல இருக்கறா. இந்தத் தடவையாச்சும் அவ பக்கத்துல இருக்கோணும் கண்ணு.”

“இருப்பீங்கக்கா. புது வெர்ஷன்ல அவங்கவங்க பேருல அவங்கவங்கதான் நுழையோணும். நான் மொதலாளிகிட்டப் பேசறேன்.”

பேசினேன். இனி யார் நுழைந்தாலும் அவரவர் ஃபோனில் ஒரு கேள்வி வரும், ஆமாம் என்று அமுக்கினால்தான் கதவு திறக்கும் என்றேன். நாள் திறக்க இரண்டு பேரைப் பதியச் சொல்கிறது, அக்கா ஒருவர், நீங்கள் ஒருவர் என்று பதிந்திருக்கிறேன் என்றேன். பொம்மையாட்டம் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் மூளை பளிச்சென்று வேலை செய்தது.

“கேள்வி ஃபோன்லதான் வருமா?”

“ஆமாங்க.”

“ஃபோனு மேச்சேரில இருந்தாலும் வருமா?”

“வருமுங்க.”

“அப்பறம் என்ன? அம்மிணி தாராளமாப் போகட்டும். நீ இங்க அவங்க பேரை அடி, அவங்க அங்க அமுக்கட்டும். புது வெர்ஷன் நல்லாத்தான் இருக்குது.”

என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கட்டை அவிழ்த்துவிடப் போய், கயிற்றை மேச்சேரி வரைக்கும் நீட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அக்காவிடம் சொன்னபோது, “சரி கண்ணு” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பவர். ஒருதரமாவது முடியாது என்று சொன்னால்தான் என்ன என்று அவர்மேலும் கோபம் வந்தது.

புது வெர்ஷன் ஓடத் தொடங்கும் காலை வந்தது. அக்கா முந்தின நாளே மேச்சேரிக்குப் போயிருந்தார். வாசலில் முட்டை லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரி டிரைவர் சின்னராஜ் ஆரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். முதலாளி என் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினார். நான் அக்கா பெயரை அடித்தேன். திரையில் வட்டம் சுற்றியது, நின்றது. ‘இது நான் இல்லை என்று பயனர் தெரிவித்துள்ளார். கணக்கு பூட்டப்பட்டது’ என்று வந்தது.

அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். “ஏனுங்கக்கா, மாத்தி அமுக்கிட்டீங்களா?”

“இல்ல கண்ணு. நீங்கதான் உள்ள வர்றீங்களான்னு கேட்டுச்சு. நான் எங்க அங்க வாரேன்? நான் பிரசவ வார்டுல நிக்கறேன். இல்லைன்னு அமுக்குனேன்.”

முதலாளி ஃபோன் பக்கம் குனிந்தார். “அம்மிணி, லாரியெல்லாம் நிக்குதுங்க.”

“நிக்கட்டுமுங்க,” என்றார் அக்கா. “உங்க பேரும் அதுல இருக்குதாமுங்களே, நீங்களே தொறந்துக்கோங்க. புள்ள கூப்புடறா, வெச்சர்றேனுங்க.”

எனக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு முதலாளி பெயரை அடித்தேன். அவர் ஃபோன் கிணுங்கியது.

“வெலை எறங்கிப்போச்சுன்னா?” என்றார் என்னிடம், ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி.

“லாரி நின்னா முட்டையே வீணாப் போயிருமுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். பில் விழுந்தது, லாரிகள் கிளம்பின. அடுத்த நாளுக்கான முட்டை விலை அன்று சாயங்காலமே வந்தது. இறங்கியிருந்தது, அதுவும் நன்றாகவே. முதலாளி அதைப் பலகையில் தன் கையாலேயே எழுதிவிட்டு, அதன் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போச்சு, நாளைக்கே அக்காவை வரச்சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டார். முதலாளியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“பேத்திங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. கிருத்திகா எங்கையைப் புடிச்சுட்டு உடவே மாட்டேங்கறா.” அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். “வெலை என்னாச்சுங்க?”

முதலாளி பலகையைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

“ஏறிருக்குதுங்க அம்மிணி,” என்றார். “நீங்க இருந்துட்டு மெதுவா வாங்க.”