கம்பி மேலேதான் இருந்தது

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. குணமணி இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை, தேர்வு மணி அடிப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டேன் என்றாள். இன்னொரு தடவை, மணி அடித்த பிறகுதான் என்றாள். தேர்வு அட்டையில் எழுதியிருந்த வயதும் ஒரு தடவை எண்பது, ஒரு தடவை எண்பத்தொன்று. நானும் பாதியை மறந்திருப்பேன், என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருப்பேன். ஆனால் கம்பி விஷயத்தை அவள் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னாள்.

சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு வருஷமாகப் பராமரிப்பு வேலை பார்த்தவள் குணமணி. வயது ஐம்பத்தாறு. ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. இனிமேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூக்காமல் அங்கே பிழைக்க ஒரே வழிதான் இருந்தது. முதியவர்களின் குடும்பத்தாரிடம் பேசுவதற்கென்று புதிதாக ஒரு பதவி போட்டிருந்தார்கள். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு டெலிபோன். அந்த நாற்காலியில் உட்காருவதற்கு ஒரு தேர்வு. கோபத்தோடு வருகிறவர்களிடமும் அழுதுகொண்டு வருகிறவர்களிடமும் எப்படிப் பேசுகிறாய் என்று பார்ப்பார்கள்.

தேர்வைப் பற்றிய பயம் அவளுக்குப் பெரிதாக இல்லை. அவள் பயமெல்லாம் பதினான்காம் நம்பர் கட்டிலில் இருந்தது.

அந்தக் கட்டில் அற்புதமேரியுடையது. எண்பத்தொரு வயது, ஞாபகம் வந்து வந்து போகும். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், துணி மாற்றுவதற்காகக் குணமணி, ஆள் விழாமல் தடுக்கும் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து எதிர்க் கட்டிலில் இருந்த சீன அம்மாவுக்குப் புரையேறிக் கண் செருகியது. குணமணி ஓடினாள். முதுகில் தட்டி, வாயைத் துடைத்து, மூச்சு சீரானதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அற்புதமேரி தரையில் கிடந்தாள். ஒரு கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

குணமணியின் கை தானாகப் போய்க் கம்பியைத் தூக்கியது. 'டக்' என்று கொக்கி விழுந்தது. அதற்குப் பிறகுதான் "யாராவது வாங்களேன்" என்று கத்தினாள்.

அறிக்கையில் ஒரு வரி எழுதினாள்: கம்பி மேலேதான் இருந்தது.

கம்பி மேலே இருந்தும் ஒருத்தி விழுந்தால், ஏறிக் குதித்திருக்க வேண்டும். ஏறிக் குதிக்கிற ஆளைச் சும்மா விட முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து அற்புதமேரி இல்லத்துக்குத் திரும்பியபோது அவளுக்கு ஒரு பெல்ட் வந்திருந்தது. காலையில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பைச் சுற்றி மாட்டுவார்கள். அதுவும் 'டக்' என்று விழும். கிழவி நாள் முழுக்க அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாள். "அவுத்து விடு பிள்ள. நான் எங்கயும் போக மாட்டேன் பிள்ள." யாரைப் பார்த்தாலும் பிள்ளைதான். ஆனால் குணமணி பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய கைகளையே பார்ப்பாள்.

கிழவிக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லையா? குணமணி தினமும் அந்தக் கேள்வியோடு எழுந்தாள், அதே கேள்வியோடு படுத்தாள்.

தேர்வு லிட்டில் இந்தியாவில். கூட வேலை பார்க்கும் ரத்தினம்மாவும் வந்தாள். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போது அவள் குணமணியின் முழங்கையை இடித்தாள்.

"என்னக்கா மூஞ்சி, தூக்குமேடைக்குப் போற மாதிரி?"

"சும்மா வா."

"சும்மா இருந்தா மார்க் கிடைக்காது லா. கேட்டுக்குங்க. உள்ள ஒருத்தன் கத்துவான். நடிகன்தான். நீங்க மூணு தடவ 'உங்க வேதனை எனக்குப் புரியுது'ன்னு சொல்லணும். நடுவுல டிஷ்யூ நீட்டணும். டிஷ்யூவுக்கே ரெண்டு மார்க்காம்."

"யாரு சொன்னா?"

"போன தடவ ஃபெயில் ஆனவ சொன்னா. எங்க வீட்டுக்காரர்கிட்ட செஞ்சு பாத்தேன். கத்திக்கிட்டே இருந்தாரு, டிஷ்யூ நீட்டினேன். மூக்கச் சிந்திட்டு விட்ட எடத்துலேருந்து மறுபடி கத்துறாரு."

குணமணி சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. நீளமான நடைவழி, வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை கவிழ்த்து ஒட்டியிருந்தது. மணி அடித்ததும் அட்டையைத் திருப்பிப் படிக்க ஒரு நிமிஷம். அடுத்த மணிக்கு உள்ளே போக வேண்டும். எட்டு நிமிஷத்தில் மூன்றாவது மணி, அதோடு முடிந்தது. தமிழ் முதியவர்கள் நிறைய இருக்கும் இல்லம் என்பதால் தேர்வும் தமிழில்தான்.

மணி அடித்தது. குணமணி அட்டையைத் திருப்பினாள்.

'உங்கள் இல்லத்தில் எண்பது வயது மூதாட்டி கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருடைய மகன் வந்திருக்கிறார். பேசுங்கள்.'

அட்டையை இன்னொரு தடவை படித்தாள். இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கிழவி தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள், மகள் நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறாள், எல்லாரும் சேர்ந்து இந்தக் கதவை வைத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கதவில் ரத்தினம்மா உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லங்களில் விழுவதைவிடச் சாதாரணமான சம்பவம் வேறில்லை, எந்தத் தேர்விலும் அதைத்தான் முதலில் வைப்பார்கள் என்பது குணமணிக்கு அப்போது தோன்றவில்லை. நெஞ்சில் முள் வைத்திருப்பவளுக்கு நடைவழி முழுக்க முள்தான். ஓடிவிடலாமா என்று லிப்ட்டைப் பார்த்தாள். மணி அடித்தது.

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, டிஷ்யூப் பெட்டி. மூலையில் மடியில் டேப்லெட்டோடு தேர்வாளர் ஷமீமா மேடம். சுவரில் சின்னக் கேமரா. நாற்காலியில் இருந்தவன் முப்பது வயதுக்காரன், மேடை நாடகத்தில் நடிப்பவன், பெயர் சுஜீந்திரன் என்று பிறகு தெரிந்தது. அவள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"எங்கம்மாவ நம்பித்தானே உங்ககிட்ட விட்டேன்? எப்படி விழுந்தாங்க? சொல்லுங்க!"

"உங்க வேதனை எனக்குப் புரியுது சார்."

"என்ன புரியுது? உங்கம்மாவா விழுந்தாங்க?"

டிஷ்யூப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். பெட்டி மேசை விளிம்பில் போய் நின்றது.

"எனக்கு டிஷ்யூ வேணாம். பதில் வேணும். அவங்க கட்டில்ல கம்பி இருந்துச்சா இல்லையா?"

ஷமீமா மேடத்தின் விரல் டேப்லெட்டில் நகர்வதை நிறுத்தியது. குணமணி மேசையைப் பார்த்தாள். ஏர்கானின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் காத்திருந்தான். கோபக்காரனாக நடிப்பவன் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. கீழே தெருவில் யாரோ லாரியின் பின்கதவைத் தூக்கி மாட்டினார்கள். டக்.

மூன்றாவது மணி அங்கேதான் அடித்தது. அல்லது சற்றுப் பிறகு.

"இருந்துச்சு," என்றாள் குணமணி. "கீழ இருந்துச்சு. நான்தான் இறக்கினேன். அவங்க விழுந்து கெடந்தாங்க. கூப்பிடல. மொதல்ல கம்பியத் தூக்கி மாட்டினேன். அப்புறந்தான் கூப்பிட்டேன்."

அவன் முகத்தில் இருந்த மகன் கலைந்து போனான். "ஏன்?" என்று கேட்டான். அது நடிப்புக் குரல் இல்லை.

"பயம்."

ஷமீமா மேடம் எழுந்து வந்தாள். கண்கள் பளபளத்தன. "குணமணி, இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தரும் செஞ்சதில்ல. பழி போடல, மழுப்பல, அந்த மௌனத்தக்கூட அவசரப்பட்டு உடைக்கல. கார்டுல இல்லாத விவரத்த நீங்களே கற்பனை பண்ணி... அருமை."

"மேடம், அது கற்பனை..."

"அடுத்த ஆள் வர்றாங்க. போங்க, போங்க, பாஸ்தான்."

நடைவழியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சுஜீந்திரன் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அது நடிப்பா?"

அவள் காகிதக் குவளையை நசுக்கினாள். "மணி அடிச்சிருச்சு தம்பி," என்றாள். அவள் லிப்ட்டுக்குள் போகும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்து நாளில் முடிவு வந்தது. இல்லத்திலேயே அதிக மதிப்பெண் குணமணிக்கு. 'உண்மையை வெளிப்படையாகக் கூறும் திறன்: மிகச் சிறப்பு' என்று போட்டிருந்தது. மேலாளர் கைகுலுக்கினார். ரத்தினம்மா ஃபெயில். "டிஷ்யூவ ரொம்ப சீக்கிரம் நீட்டிட்டேன்க்கா, அவன் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

புது அறையில் மேசை இருந்தது, டெலிபோன் இருந்தது. கதவில் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கூடத்தில் அற்புதமேரியின் நாற்காலி நேரே தெரியும். குணமணி மேசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் அந்தப் பார்வை இருப்பது அதைவிட மோசமாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அற்புதமேரியின் மகள் பெதானி வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், குரலை உயர்த்தாதவள். கையில் ஒரு கேக் டப்பா.

"கங்கிராட்ஸ் ஆண்ட்டி. நீங்க இந்த ரூமுக்கு வந்தது எனக்குத்தான் பெரிய நிம்மதி. அன்னிக்கு நீங்க மட்டும் பாக்கலன்னா அம்மா போயிருப்பாங்க. தினம் ஜெபத்துல உங்க பேரச் சொல்றேன்."

கோபமாக வந்திருந்தால் எதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நன்றி சொல்ல வருகிறவளை எப்படிச் சமாளிப்பது என்று எந்தக் கதவிலும் அட்டை ஒட்டியிருக்கவில்லை.

"ஒரே ஒரு ரிக்வெஸ்ட் ஆண்ட்டி. நான் பக்கத்துல இருக்கற நேரம் மட்டும் அந்த பெல்ட்ட எடுத்துவிடலாமா? அம்மா ஏறிக் குதிக்கறாங்கன்னு தெரியும். நான் பிடிச்சுக்குவேன். அம்மா அழுறாங்க."

குணமணி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கிழவியின் விரல்கள் இடுப்பில் தேடிக்கொண்டிருந்தன. 'பேசிப் பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பெல்ட் அவிழும். கேக்கும் வரும். சுவரில் மணி இல்லை. எட்டு நிமிஷம் போயிற்றா, எண்பது நிமிஷம் போயிற்றா என்று சொல்ல யாருமில்லை.

"ஆண்ட்டி? உடம்பு சரியில்லையா?"

"உங்கம்மா ஏறிக் குதிக்கல."

"என்ன?"

"கம்பி கீழ இருந்துச்சு. நான் எறக்கி வச்சிருந்தேன். விழுந்தப்புறம் தூக்கி மாட்டிட்டுப் பொய் எழுதினேன். இந்த பெல்ட் அதனாலதான்."

பெதானி கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகு நேரம் கேக் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். குணமணி 'புரியுது' என்று சொல்லவில்லை. டிஷ்யூவைத் தொடவில்லை.

"எத்தன நாளா கட்டி வச்சிருக்கீங்க?"

"எண்பத்து மூணு நாள்."

"எண்ணி வச்சிருக்கீங்க," என்றாள் பெதானி. எழுந்து கூடத்துக்குப் போய், அம்மாவின் முன்னால் முழங்காலிட்டுத் தானே பெல்ட்டை அவிழ்த்தாள். அற்புதமேரி எங்கும் ஏறவில்லை, எழுந்திருக்கவும் முயலவில்லை. இடுப்பை இரண்டு கையாலும் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை இவ்வளவுதான். விசாரணை மூன்று வாரம் நடந்தது. குணமணியின் பதவியும் வேலையும் போயின. பெல்ட் மறுபடி மாட்டப்படவில்லை. அற்புதமேரி கடைசிவரை நடக்காமல் ஏழு மாதம் இருந்து இறந்தாள். குணமணி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பெதானி பதில் போடவில்லை. ஷமீமா மேடம் தான் போட்ட மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லி விண்ணப்பித்தாள், அது முடியாது என்றுவிட்டார்கள். சுஜீந்திரன் இன்னும் அதே அறையில் மகனாக நடிக்கிறான், கம்பியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ரத்தினம்மா இரண்டாம் முறை பாஸாகி அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். குணமணி சிராங்கூனில் ஒரு தையல் கடையில் பித்தான் தைக்கிறாள். முதுகு வலி குறையவில்லை.