இரண்டாம் சுற்று

ராஜதுரையின் ஹோட்டலுக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை. விஸ்கி சுவைக்கும் அறை மட்டும் தயாராகிவிட்டது. பாடாலூர் நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தூண்களுக்குத் தோண்டிய குழிகளுக்கு நடுவே, உள்பக்கம் தேக்குப் பலகை அடித்த ஒரு தகரக் கொட்டகை. ஜெனரேட்டர், ஏசி, தோல் சோபா, சுவரில் ஸ்காட்லாந்து மலையொன்றின் படம். மலைக்குக் கீழே ஆடுகள் மேய்ந்தன. கொட்டகைக்கு வெளியேயும் ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விரட்டச் சொல்லிவிட்டு ராஜதுரை படத்து ஆடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவில் மக்காச்சோளம் நின்றது. ரோட்டை ஒட்டிய அந்த நீளத் துண்டு தர்மனுடையது. அது கிடைத்தால் ஹோட்டலுக்கு ஒரு முகம் உண்டு. கிடைக்காவிட்டால், அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டிச் சம்பாதித்ததையெல்லாம் ராஜதுரை ஒரு சோளக்காட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்த மாதிரி ஆகும். இப்போதைக்கு வரப்போரம் கார் போக மட்டும் தர்மன் வழி விட்டிருந்தார். விற்பீர்களா என்று கேட்டால் இரண்டு வருடமாக ஒரே பதில்: "பாக்கலாங்க." அந்தப் "பாக்கலாங்க"வை இன்றைக்குச் "சரிங்க" ஆக்கிவிடுவது என்று தீர்மானித்துத்தான் தன் பேரவைக்கு அவரை அழைத்திருந்தார்.

தர்மனுக்குக் குன்னத்தில் கோழித்தீவன மில் ஓடுகிறது. நான்கு மாவட்டத்துக் கோழிகள் அவரை நம்பி முட்டையிடுகின்றன. அவருடைய அப்பா அமாவாசை, விக்கிரமங்கலத்தில் ராஜதுரையின் அப்பாவிடம் பண்ணையில் வேலை பார்த்தவர். காலனியிலிருந்து வருவார், கொல்லைப்புறத்தோடு நிற்பார், தாகமெடுத்தால் கையைக் குவிப்பார், மேலிருந்து ஊற்றுவார்கள். அதையெல்லாம் ராஜதுரை மறந்துவிட்டார். மறந்துவிட்டதாக இரண்டு மூன்று மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார், கைதட்டலும் வாங்கியிருக்கிறார்.

பேரவை என்றது 'அரியலூர் பெரம்பலூர் சிங்கிள் மால்ட் சுவைஞர் பேரவை'யை. சிங்கிள் மால்ட் என்பது விஸ்கியில் உயர்ந்த ரகம். மொத்த உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவர் ராஜதுரை. கொள்கை விளக்கம், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் மணிவண்ணன். கைதட்டல், செங்கல் சூளைக்காரரும் ராஜதுரைக்குப் பங்காளி முறைத் தம்பியுமான கொளஞ்சியப்பன். "மால்ட்டுக்கு முன்னால் சாதி இல்லை, மதம் இல்லை, மூக்கு மட்டுமே உண்டு" என்பது பேரவையின் முழக்கம். முகநூலில் அதற்கு ஆயிரம் பேருக்கு மேல் இதயம் போட்டிருந்தார்கள்.

பேரவையின் பெருமைக்குரிய சொத்து, இரண்டு காது வைத்த ஒரு தட்டையான வெள்ளிக் கிண்ணம். ஸ்காட்லாந்துக்காரர்களின் நட்புக் கிண்ணமாம். ஒரே கிண்ணத்தில் ஊற்றி, எல்லோரும் வாய் வைத்துக் குடித்துக் கைமாற்றுவார்களாம். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருப்பதால் கத்தி எடுக்க எவனுக்கும் கை மிச்சமிருக்காதாம். கூட்டம் தவறாமல் மூவரும் அதில்தான் குடித்தார்கள். கொளஞ்சியப்பனின் மீசை நனைந்த கிண்ணத்தில் ராஜதுரை கண்மூடிக் குடித்து, "நட்பின் ஈரம்" என்பார்.

இன்றைக்குக் காலையில் முதல் வேலையாக அந்தக் கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். காரணம் சுகாதாரம். கொரோனா காலத்தில் எவ்வளவு பட்டோம்? மேசைமேல் ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பை வைத்தார். நான்கில் ஒன்றின் அடியில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. அதுவும் சுகாதாரம்தான்.

தர்மன் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். சோபாவில் உட்காருவதற்கு முன் அதைத் திறந்து, வாய் வைத்து நாலு மடக்குக் குடித்து, மேசைமேல் வைத்தார்.

"வாங்க தர்மன் சார்." அந்த 'சார்' ராஜதுரையின் வாயில் புதுச்செருப்பு மாதிரி கடித்தது. "தண்ணி பாட்டில வெளிய வச்சுரலாமே. இந்த ரூமுக்குள்ள குழாத்தண்ணி வரக்கூடாது. மால்ட்டுக்கு ஆகாது. இதோ, ஸ்காட்லாந்து ஊத்துத் தண்ணி." கண்ணுக்கு மருந்து விடும் புட்டி அளவில் ஒன்றைக் காட்டினார். மூடியிலேயே சொட்டுக்குழாய் இருந்தது.

"விக்கல் எடுத்தா அதுலேருந்தா குடிப்பீங்க?" என்றார் தர்மன். பாட்டில் மேசையிலேயே இருந்தது.

ராஜதுரை ஊற்றினார். ஐலா என்ற தீவிலிருந்து வந்த சரக்கு. பச்சைப் புள்ளிக் கோப்பை விருந்தாளிக்குப் போயிற்று. "கோப்பைய ஆட்டக்கூடாது, அவசரப்படக்கூடாது. முதல்ல மூக்கு. வாயைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கிட்டு மோந்து பாக்கணும். பேராசிரியரே, நீங்க சொல்லுங்க."

மணிவண்ணன் மூக்கை விட்டு, கண்ணை மூடி, திறந்தார். "கடற்பாசி. ஈரக் கம்பளி. பழைய நூலகம். கொஞ்சம் தொலைவில் ஒரு துறைமுகம்." அவர் கடலைப் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில் பூம்புகார் போனபோதுதான். அப்போதும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.

"தர்மன் சார், உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிக்கிற வாடை."

"ஆகா! அதுக்குப் பேரே இருக்கு!" என்று கொளஞ்சியப்பன் கைதட்டினார். என்ன பேர் என்று தெரியாததால் கைதட்டல் பாதியில் நின்றது.

தர்மன் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார். மற்ற மூன்று கோப்பைகளையும் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "இது வேணாங்க. முகநூல்ல ஒரு வீடியோ போட்டிருந்தீங்களே. காது வச்ச வெள்ளிக் கிண்ணம். ஒருத்தர் குடிச்சு ஒருத்தருக்குக் குடுப்பீங்களே. எம் மவ கூடப் பாத்துட்டு, நல்லா இருக்குப்பான்னா. அதுல ஊத்துங்க."

"அதுவா... அது பாலிஷுக்குப் போயிருக்கு."

"அலமாரிலதானேண்ணே இருக்கு! காலையில நீங்கதானே வச்சீங்க!" கொளஞ்சியப்பன் அதற்குள் எழுந்து, ராஜதுரை முறைத்த முறைப்பை வேறு ஏதோ ஆணையாக எடுத்துக்கொண்டு, நிலைமேல் இருந்த சாவியை எடுத்துத் திறந்து, கிண்ணத்தை வேட்டியால் துடைத்து மேசைமேல் வைத்தார்.

ராஜதுரைக்கு மூளை வேலை செய்யத்தான் செய்தது. சிமெண்ட் கம்பெனிகளிடமே லாரி வாடகை வசூலித்த மூளை. "தாராளமா! ஆனா ஸ்காட்லாந்து முறைன்னு ஒண்ணு இருக்கு. விருந்து குடுக்கிறவன் முதல்ல குடிப்பான். விஷம் இல்லன்னு காட்டணும்ல? அப்புறம் உறுப்பினர்கள். விருந்தாளி கடைசி. அதான் மரியாதை." இந்த முறை உலகத்தில் தோன்றி அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"கடைசின்னா கடைசிங்க. எங்களுக்குப் பழக்கந்தான்" என்றார் தர்மன்.

கிண்ணம் நிறைய ஊற்றப்பட்டது. ராஜதுரை குடித்தார், மணிவண்ணன் குடித்தார், கொளஞ்சியப்பன் மீசையோடு குடித்தார். கிண்ணம் தர்மனிடம் போனது. ராஜதுரை சோபாவில் சாய்ந்தார். கண்டம் தாண்டியாகிவிட்டது. இனி ரோட்டோர நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியதுதான் பாக்கி.

தர்மன் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் உதடு நன்றாகப் பதிய ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி, இன்னொரு இடத்திலும் உதடு பதித்து இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தை ராஜதுரையின் முன்னால் நீட்டினார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"பிடிங்க. வீடியோவுல ரெண்டு சுத்து போச்சு."

ராஜதுரை இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்குப் போதும். டாக்டர் குறைச்சுக்கச் சொல்லியிருக்காரு" என்றார் ராஜதுரை. "பேராசிரியர் குடிப்பார்."

"எனக்கு இன்னிக்கு நெஞ்செரிச்சல்" என்றார் மணிவண்ணன். "கொளஞ்சி, நீ வாங்கிக்க."

"நான் இந்த வருசம் மலைக்கு மாலை போடலாம்னு இருக்கேங்க."

"எப்ப?"

"இப்பத்தான் மனசுல பட்டுச்சு."

கிண்ணம் நீட்டியபடியே இருந்தது. தர்மன் அதை இன்னும் ஒரு சாண் முன்னே நகர்த்தினார். "எனக்கு அவசரமில்லீங்க. நீங்க குடிச்சீங்கன்னா எடத்தப் பத்திப் பேசலாம்னு பாத்தேன்."

இடம் என்ற சொல் ராஜதுரையைச் சோபாவிலிருந்து நிமிர்த்தியது. கிண்ணத்தை வாங்கினார். விளிம்பைப் பார்த்தார். தர்மனின் உதடு படாத இடம் ஒரு பக்கத்திலாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதர் திருப்பித் திருப்பியல்லவா குடித்திருக்கிறார். இரண்டு வருடம், தோண்டிய குழிகள், ரோட்டில் வைக்கப்போகும் விளக்குப் பலகை, எல்லாம் கண்முன் வந்துபோயின. அப்போது ராஜதுரைக்கு ஒரு வழி தோன்றியது. இந்த நாட்டில் பிறந்த எவனுக்கும் தோன்றக்கூடிய வழி. கிண்ணத்தை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கினார், தலையை அண்ணாந்தார், வாயைத் திறந்தார், ஊற்றினார்.

செம்பில் அண்ணாந்து குடிப்பது வேறு. அதற்குக் கழுத்து இருக்கிறது. தாம்பாளம் மாதிரி அகன்ற கிண்ணத்தைக் கவிழ்த்தால் சரக்கு தாரையாக வராது, திரைச்சீலையாக வரும். வந்தது. வாய்க்குக் கொஞ்சம் போயிருக்கலாம். மிச்சமெல்லாம் கண், மூக்கு, சில்க் சட்டை. ஐலா தீவின் புகையும் கடற்பாசியும் துறைமுகமும் மூக்கின் வழியாக நேரே மண்டைக்கு ஏறின. ராஜதுரை கத்திய கத்தலில் வெளியே ஆடுகள் ஓடின.

"கண்ணு! கண்ணு போச்சு! தண்ணி!"

மணிவண்ணன் ஸ்காட்லாந்து ஊற்றுத் தண்ணீரை எடுத்து, சொட்டுக்குழாயால் ஒரு சொட்டு விட்டார். அது காதில் விழுந்தது.

"யோவ், தண்ணி கேட்டேன்யா!"

தர்மன் எழுந்து, தன் பாட்டிலைத் திறந்து ராஜதுரையின் கையில் படும்படி நீட்டினார். "இந்தாங்க, நெறைய இருக்கு. நான் வாய் வச்சதுதான். கழுவத்தானே."

ராஜதுரையின் விரல்கள் பாட்டிலைத் தொட்டன. தொட்ட வேகத்தில் பின்வாங்கின. "வேணாம், வேணாம்... இல்ல, சுகாதாரம்... கண்ணு விசயம் பாருங்க..."

"எங்கார்ல ஒரு பாட்டில் கெடக்குண்ணே!" என்றார் கொளஞ்சியப்பன். "ஆனா நாலு நாளா வாய் வச்சுக் குடிச்சது. கொஞ்சம் பாக்கும் கெடக்கும்."

"பரவால்லடா, ஓடு! எடுத்துட்டு ஓடியா!"

கொளஞ்சியப்பன் ஓடினார். ராஜதுரைக்கு, கண் எரிச்சலுக்கு நடுவிலும், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. அறையில் ஒரு பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்டது. மெதுவாக, மரை ஒன்றுவிடாமல்.

"தர்மன் சார், நீங்க தப்பா எடுத்துக்கிட..."

"நான் எதையும் எடுத்துக்கலீங்க. நீங்கதான் எடுத்துக்கல." குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. "ஹோட்டலுக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் எங்க மண்ணை மிதிச்சுட்டுத்தான் உள்ள வரணும். சோபாவுல உக்காருவான், கிண்ணத்தத் தொடுவான். எத்தனை பேத்துக்கு நீங்க மேலேருந்து ஊத்துவீங்க? அந்தச் சிரமம் வேணாம். எடம் இல்லீங்க."

"ஏய் தர்மா! ஒங்கப்பன் எங்க ஊட்டு..." ராஜதுரையின் வாய் தானாகவே ஓடிற்று. பாதியில் பிடித்து நிறுத்தினார். சொன்ன பாதி போய்ச் சேர்ந்துவிட்டது.

கதவுத் தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது.

"வரப்போரம் வழி விட்டிருந்தேன்ல" என்றார் தர்மன், கணக்குப்பிள்ளைக்கு வேலை சொல்கிற குரலில். "இன்னிக்கு அதுல ஏர் ஓட்டப்போறேன். டிராக்டருக்குச் சொல்லிட்டேன்னு வச்சுக்குங்க. காரெல்லாம் அதுக்குள்ள ரோட்டுக்குக் கொண்டுபோயிருங்க."

கதவு திறந்தது. வெயிலும் ஆட்டுப் புழுக்கை வாடையும் உள்ளே வந்தன. கதவு மூடியது.

மணிவண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்து, "போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டே போறாரு" என்றார்.

ராஜதுரை சட்டை சொட்டச் சொட்ட, கண்ணை மூடிக்கொண்டே, தர்மனுக்கு இன்னும் கேட்கும் என்ற நம்பிக்கையில், கதவு இருக்கும் என்று நினைத்த திசையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அங்கே ஸ்காட்லாந்து மலைதான் இருந்தது.

"டிராக்டர் எத்தன மணிக்குங்க வரும்?" என்று கேட்டார்.