சட்டைப்பையில் மைனஸ் எட்டு

ஏரிக்கரையில் போய் நின்றதும் கண்ணாடிக்காரருக்கு முழங்கால் இரண்டும் தனித்தனியாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டன. ஏரி என்று பெயர்தான். அவர் கண்ணுக்கு அது இரண்டு சமுத்திரங்களை ஒட்டுப்போட்டு, நடுவில் மூன்று ஆரஞ்சு மிதவைகளைத் தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. ஒரு மிதவைக்கும் இன்னொரு மிதவைக்கும் நடுவே தபால் போட்டால் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அந்த ஏரிக்குள் இறங்கப்போகிறவர் அவரில்லை, அவருடைய மனைவி.

மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. எல்லோருக்கும் அவள் சூப்பர்வைசரம்மா. ஐம்பதைத் தாண்டியவள். கண் பவர் மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றினால், கழற்றிய கண்ணாடியைத் தேட இன்னொரு கண்ணாடி வேண்டும். கண்ணாடிக்காரர் அவளை முதன்முதலில் பார்த்ததே தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பரிசோதனை நாற்காலியில்தான். "மேல் வரியைப் படிங்க" என்றார். "எந்தச் சுவர்ல?" என்று கேட்டாள். அன்றைக்கு விழுந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் இந்தக் கதை ஆரம்பித்தது.

"டிரையத்லான்ல பேர் கொடுத்திருக்கேங்க."

"அது என்ன, புது மாத்திரையா?"

"போட்டி. முதல்ல நீந்தணும், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். ஒண்ணு முடிஞ்ச கையோட அடுத்தது."

"நடுவுல எப்போ உட்காரணும்?"

"சைக்கிள்ல."

அடுத்த தெருவில் குடியிருக்கும் அவள் தம்பி, ஏசி மெக்கானிக், அன்றைக்குப் பார்த்துச் சாப்பிட வந்திருந்தான். "அக்கா, உனக்கு நீச்சலே தெரியாதே."

"தெரியாது. அதான் கத்துக்கப் போறேன்."

"குளியலறை வாளியில ஆரம்பி. முதல்ல கால் முங்குதான்னு பாரு."

"நீ வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுடா. உன் பழைய சைக்கிளை நாளைக்குக் கொண்டு வந்து விடணும்."

மருத்துவமனையில் மின்தூக்கி கெட்டுப்போன ஒருநாள், துவைத்த துணி மூட்டையோடு நாலு மாடி ஏறியிருக்கிறாள். மேலே போனதும் நோயாளியின் கட்டிலிலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது. நோயாளி எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாராம். அந்த அவமானத்தோடு திரும்பும்போது அறிவிப்புப் பலகையில் கண்ணில் பட்டதுதான் இந்தப் போட்டி. முதல்முறைக்காரர்களுக்கானது. முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். அரை மணி நேரத்தில் கரையேறாதவர்களைப் படகில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் கதை முடிந்தது.

துணைக்கு நீச்சல் வகுப்பில் சேர்ந்த கண்ணாடிக்காரர் மூன்றாம் நாளே ஒதுங்கிக்கொண்டார். அவர் குடித்த அளவில் குளத்தின் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கியது என்று மச்சினன் இன்றைக்கும் சத்தியம் செய்வான். மனைவி ஒதுங்கவில்லை. ஆனால் நீந்தவும் இல்லை. வாரக்கணக்கில் குளத்துச் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"சுவர் விழுந்துடும்னு தாங்கிப் பிடிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள் சொல்லிக்கொடுக்கும் பெண்.

"கையை விட்டா எங்க இருக்கேன்னே தெரியலம்மா. எல்லாம் புகையா இருக்கு."

இதைக் கேட்ட கண்ணாடிக்காரர் அன்று கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நீச்சல் கண்ணாடி ஒன்றை வாங்கி, அதற்குள் மைனஸ் எட்டு லென்ஸை இழைத்து இழைத்துப் பொருத்தினார். கை சூட்டோடு, என்றைக்காவது மறுபடி தைரியம் வந்தால் ஆகட்டும் என்று தனக்கும் ஒன்று, தன் படிக்கிற கண்ணாடியின் பிளஸ் இரண்டரையில். இரண்டும் ஒரே நீலம், ஒரே பட்டை. அடையாளத்துக்கு எள்ளளவு தாளில் பவரை எழுதி ஓரத்தில் ஒட்டினார்.

மறுநாள் அவள் அதை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தாள். தரையின் ஓடு ஒவ்வொன்றும் தெரிந்தது. சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளைக் குளத்திலிருந்து வெளியே எடுப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

"வேலையில என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண், கைவீச்சு சரியாக வராதபோது.

"பெட்ஷீட்டை உதறி மடிக்கிறது."

"அப்போ உதறுங்க."

உதறினாள். கை தலைக்கு மேலே போய், மணிக்கட்டில் ஒரு சொடுக்குச் சொடுக்கி இறங்கும். அப்படி நீந்துகிற மனுஷி உலகத்தில் வேறு கிடையாது. சைக்கிளிலும் விழுந்தாள், எழுந்தாள். சைக்கிளை விட்டு இறங்கி உடனே ஓடிப் பழகும்போது, யாரோ கால்களை மாற்றி வைத்துவிட்ட மாதிரி தெருவில் அகட்டி அகட்டி ஓடுவாள். "யாராவது துரத்துறாங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "இன்னும் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

போட்டி நாள் விடியலில் மூட்டை கட்டியது கண்ணாடிக்காரர். இரண்டு நீச்சல் கண்ணாடிகளையும் கழுவித் துடைத்தார். ஒன்றை அவள் பெட்டியில் வைத்தார். பட்டை அறுந்தால் மாற்றிக் கட்ட ஆகும் என்று இன்னொன்றைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எது எது என்று பார்க்க அந்த எள்ளளவு எழுத்தைப் படிக்க வேண்டும். படிக்கிற கண்ணாடியைக் காணோம். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவருக்குத் தன் கண்ணாடி வைத்த இடம் என்றைக்குமே தெரிந்ததில்லை. இடது பக்கம் இருந்தது அவளுடையதுதான் என்று தானே முடிவு செய்துகொண்டார்.

கரையில் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். நீச்சல் கண்ணாடியை மாட்டினாள். ஒரு நொடி அப்படியே நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கை ஏன் இப்படி நடுங்குது உங்களுக்கு?"

"குளிர்."

"வெயில் அடிக்குது." அவர் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கூட்டத்தோடு நடந்தாள். போட்டி நடத்துகிறவர் ஊதலை ஊதினார். நூறு மஞ்சள் தொப்பிகள் தண்ணீரில் கொட்டின. ஏரி கொதித்தது.

கண்ணாடிக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. விடியல் அவசரத்தில் விட்டுப்போன முப்பது வருஷத் தொழில் பழக்கம்: லென்ஸ் ஒன்று கையில் கிடைத்தால் நீட்டிப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பார். பிளஸ் என்றால் உள்ளே தெரிகிற காட்சி எதிர்ப்பக்கம் ஓடும். மைனஸ் என்றால் கூடவே வரும். தூரத்து மிதவையை வைத்து அசைத்தார்.

மிதவை சாதுவாகக் கூடவே வந்தது.

இன்னொரு தரம் அசைத்தார். அப்போதும் வந்தது. அவள் மாட்டிக்கொண்டு போனது பிளஸ் இரண்டரை. வெறும் கண்ணைவிட மோசம். அவளுக்கு இப்போது என்ன தெரியும் என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். மிதவை இல்லை. கரை இல்லை. தன் விரல்கூடக் கிடையாது. புகை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதே புகை. இங்கே பிடிக்கச் சுவரும் இல்லை.

கரையோரம் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடியவரை ஊதல்காரர் மறித்தார். "ஐயா, அந்தப் பக்கம் நில்லுங்க."

"என் வீட்டுக்காரிக்குக் கண்ணு தெரியாதுங்க. கண்ணாடி மாறிப்போச்சு."

ஊதல்காரர் நிதானமான மனிதர். "இப்ப கொண்டு போய்க் கொடுக்க முடியாதுங்க. வெளியாள் உதவி கூடாது. வேணும்னா படகை அனுப்பித் தூக்கிடச் சொல்றேன். ஆனா தூக்கிட்டா அவங்க போட்டியில இல்ல. சொல்லவா?"

"மாமா, தூக்கச் சொல்லுங்க" என்றான் கூடவே வந்திருந்த மச்சினன். இத்தனை நாள் கேலி பேசிய வாய் வெளுத்திருந்தது. "அக்கா முக்கியமா, போட்டி முக்கியமா?"

"அவங்களுக்கே முடியலன்னா கையைத் தூக்குவாங்க" என்றார் ஊதல்காரர். "தூக்கின அடுத்த நிமிஷம் பக்கத்துல படகு நிக்கும். நீங்க சொல்லுங்க, இப்பவே அனுப்பவா?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அனுப்புங்க என்ற சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எதற்கும் அவள் எங்கே என்று பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று தண்ணீரைப் பார்த்தார். எல்லாம் ஒரே மஞ்சள் தொப்பி. நூறு கைகள் எழுந்து எழுந்து விழுந்தன. அதற்கு நடுவே, முதல் மிதவைக்குப் பக்கத்தில், ஒரு கை எழுந்தது. மணிக்கட்டில் ஒரு சொடுக்கு.

சலவைக்கூடத்து வெள்ளைத் துணியை ஏரியின் மேல் யாரோ உதறி விரித்த மாதிரி இருந்தது.

மறுபடி ஒரு சொடுக்கு. அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. குருட்டுப் புகைக்குள் தன்னந்தனியாக ஒரு மனுஷி, ஒவ்வொரு பெட்ஷீட்டாக உதறிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். மிதவையைச் சுற்றித் திரும்பினாள். சரியாகத் திரும்பினாள்.

"ஐயா?" என்றார் ஊதல்காரர்.

"வேண்டாம்" என்றார் கண்ணாடிக்காரர். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

"மாமா..."

"சும்மா இரு மாப்ளே. பாரு அவளை."

பார்த்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் உலகம் இரண்டு தரம் அழிந்து திரும்ப உண்டானது. படகுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கடைசி மிதவைக்கு இந்தப்புறம் ஏழெட்டுத் தொப்பிகளே மிச்சம். அதில் ஒன்று சேற்றில் கால் ஊன்றி, தள்ளாடி, நிமிர்ந்தது. சூரியனுக்கு நேராக அவள் எழுந்து நின்றபோது தோளிலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்கியது. முப்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்து எழுகிறவளை இப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பது போலக் கண்ணாடிக்காரர் பார்த்தார். இவ்வளவு உயரமா இவள்? வீட்டில் எங்கே மடித்து வைத்திருந்தாள் இதையெல்லாம்?

கையில் மைனஸ் எட்டோடு கயிற்றோரம் கூடவே ஓடினார். "கண்ணாடி, கண்ணாடி" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"அப்புறம் பேசிக்கலாங்க" என்று குரல் வந்த திக்கில் ஒரு கையை ஆட்டிவிட்டு, சைக்கிளை நிறுத்திய இடத்துக்குத் தடவித் தடவிப் போனாள். பட்டை வைத்த மூக்குக்கண்ணாடி ஒன்று அங்கே சைக்கிளிலேயே கட்டியிருந்தது. அதை மாட்டியதும் மிதிக்கத் தொடங்கியவள் ஒரு வளைவில் மறைந்தாள். எதிர்க்காற்றுக்கு மரங்களே குனிந்துகொண்டிருந்தன, அவள் குனியவில்லை என்றுதான் கண்ணாடிக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அவர் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தார். கடைசிக்கு முந்தின ஆளாக, அகட்டி அகட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு, நடக்காமல், ஒரு அடிகூட நடக்காமல் ஓடி வந்தாள். முதலாவதாக வந்தவனுக்குத் தட்டியதைவிடப் பலமாகக் கூட்டம் கை தட்டியது. மச்சினன் அழுதுகொண்டே தட்டினான். கேட்டால் தூசி என்பான்.

கோட்டைத் தாண்டியதும் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். அவள் புல்தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் குனிந்து அவள் காலணியைக் கழற்றினார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. கண்ணாடியை மாத்தி வெச்சுட்டேன்."

"தெரியும். மாட்டினதுமே தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"வீட்டுல வெச்சுட்டு வந்துட்டீங்கன்னு நினைச்சேன். சொன்னா நீங்க அங்கேயே மயக்கம் போட்டிருப்பீங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேரைத் தூக்கப் படகு ஏது?"

"என் சட்டைப்பையிலதான் இருந்துச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் படுத்திருந்த ஓட்டக்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"எப்படி வழி தெரிஞ்சுது உனக்கு?" சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"மேலே தலையைத் தூக்கினா ஒண்ணுமே இல்ல. பயந்துதான் போனேன். கையைத் தூக்கிடலாம்னு பாதித் தூக்கிட்டேன். அப்போ முன்னாடி போறவரோட கால் தண்ணிக்குள்ள நுரை நுரையா தள்ளிச்சு. வெள்ளையா. அது மட்டும் தெரிஞ்சுது. நமக்குத்தான் வெள்ளைத் துணி பழக்கமாச்சே, அதோட ஓரத்தைப் பிடிச்ச மாதிரி பின்னாடியே போயிட்டேன். அவர் வேற ஊருக்குப் போயிருந்தா நானும் போயிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு சொல்லவா? நல்லா இருந்துச்சுங்க. எதுக்கும் ஓரமே இல்ல. சுத்தி வெறும் வெளிச்சம்."

லென்ஸ் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த வெளிச்சத்துக்கு என்ன பவர் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. சும்மா தலையை ஆட்டினார்.

அவள் பதக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "பொடி எழுத்தா இருக்கு. என்ன போட்டிருக்குன்னு படிங்க."

அவர் சட்டைப்பையைத் தட்டினார், இடுப்பைத் தட்டினார், தலையைத் தடவினார். படிக்கிற கண்ணாடி வழக்கம்போல எங்கோ சுகமாக இருந்தது.

அவள், கழற்ற நேரமில்லாமல் நெற்றிக்கு ஏற்றியிருந்த நீல நீச்சல் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "இந்தாங்க. பிளஸ் இரண்டரை."

கண்ணாடிக்காரர் மறுபேச்சில்லாமல் அதை மாட்டிக்கொண்டார். காலர் வைத்த சட்டையும் நீச்சல் கண்ணாடியுமாக, அத்தனை கூட்டத்துக்கு நடுவே, பதக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"முழுவதும் முடித்தவர்."

"இன்னொரு தரம் படிங்க."

படித்தார். பிறகு வெகுநேரம் அதைக் கழற்றவே இல்லை. நல்ல நீச்சல் கண்ணாடி வெளித் தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே ஊறுவதையும் வெளியே விடாது. அவர் பொருத்தியது, சொட்டுக்கூடக் கசியவில்லை.