பூசணம் பிடித்த வில்லை

செல்வராஜுக்கு வாசனை தெரியாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மறைமலைநகர் தொழிற்சாலையில் வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது ஒரு லாரி ஒதுக்கியதில் விழுந்து, பின்மண்டையில் அடி. காயம் ஆறியது, மூக்கு மட்டும் ஆறவில்லை. "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அடுத்த வருஷம் மனைவி பூவாயி போய்ச் சேர்ந்தாள். மகள் மஸ்கட்டில். பால் கெட்டுப்போனதைக்கூட வாயில் ஊற்றிய பிறகுதான் கண்டுபிடிப்பார். அதைச் சொல்லிச் சிரிக்கவும் வீட்டில் ஆள் இல்லை.

ஜோயல்தான் அவரைக் கூப்பிட்டான். முன்பு தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். பிறகு சீனாவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, முட்டுக்காட்டில் மனைவி சிநேகாவோடு குடியிருந்தான். வரும்போது பெட்டி நிறைய பூ-அர் தேயிலை கொண்டுவந்திருந்தான். தேயிலையை வட்ட வில்லையாக அமுக்கிக் காகிதம் சுற்றி வருஷக்கணக்கில் வைத்திருப்பார்களாம். வயது ஏற ஏற ருசியும் ஏறுமாம்.

"வாங்க அண்ணாத்த, நம்ம டீக்கடை டீ மாதிரி இருக்காது" என்றான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நான்கு பேர். ஜோயல், சிநேகா, திருப்போரூரில் வங்கி வேலையில் இருந்த சியாமளா, செல்வராஜ். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. வில்லையில் கொஞ்சம் பிட்டுப் போட்டு வெந்நீர் ஊற்றி, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தண்ணீரைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவான் ஜோயல். குடித்துவிட்டு என்ன வாசனை வருகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் சிநேகா "ஈர மரம்" என்றாள், சியாமளா "பழைய புத்தகம்" என்றாள், பேச்சு களைகட்டிவிட்டது. தன் முறை வந்தபோது, "மழை பேஞ்ச தரை மாதிரி கீது" என்று சொல்லிவிட்டார்.

"ஆமா, ஆமா!" என்றார்கள் மூவரும்.

அதோடு மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எப்போதும் கடைசியாகவே பேசினார். மற்றவர்கள் சொன்னதைக் கலந்து புதிதாக ஒன்று சொல்வார். வரும்போது பஸ்ஸிலேயே இரண்டொரு வார்த்தை யோசித்துவைப்பதும் உண்டு. பொய்தான்; ஆனால் அந்த ஒரு மாலைக்காக மீதி மாதத்தை ஓட்டினார்.

இப்படியே ஒரு வருஷம் போனது. ஒரு மழைக்கால ஞாயிறு, ஜோயல் பதினெட்டு வயதான வில்லையைப் பிரித்தான். "இன்னிக்கு மொதல்ல நீங்கதான்" என்று கிண்ணத்தை அவரிடம் நீட்டினான்.

செல்வராஜ் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "சந்தனப் பொட்டியத் தொறந்தா வருமே, அது" என்றார்.

யாரும் ஆமா சொல்லவில்லை. கண்ணைத் திறந்தால், சிநேகா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தாள். ஜோயல் வில்லையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பக்கம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். உப்புக்காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது.

"சந்தனமா! சாக்கடை நாறுது அண்ணாத்த" என்று ஜோயல் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கிண்டல்தான் என்று நம்பவைக்க மிச்சத்தையும் மடமடவென்று குடித்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

சிநேகா அவர் கையைப் பிடித்தாள். "அண்ணா, உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள் சியாமளா.

"பைக்ல வுழுந்ததுலேர்ந்து. பழகிடிச்சும்மா." காலிக் கிண்ணத்தை விரலால் நகர்த்தினார். "அவ போனப்புறம் ஒரு நாளு அவ பொடவைய எடுத்து மூஞ்சில வச்சிப் பாத்தேன். வெறுந்துணி."

சிநேகா எழுந்துபோய் எல்லாக் கிண்ணங்களையும் கழுவினாள்.

அடுத்த மாதம் எல்லோரும் அவரிடம் மிகவும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். "சூடு போதுமாண்ணா?" என்று சிநேகா மூன்று தரம் கேட்டாள். "இதுல ஒரு..." என்று ஆரம்பித்த சியாமளா அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஜோயல் கிரிக்கெட் பேசினான். வாசனை என்ற சொல்லே எழவில்லை. சீக்கிரமே கலைந்தார்கள். பொய் சொன்னவரை நால்வரில் ஒருவராக வைத்திருந்தவர்கள், உண்மை தெரிந்ததும் நோயாளியாக்கிவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது அதுதான் அவருக்கு வலித்தது.

அதற்கடுத்த மாதம் முட்டி வலி என்று சொல்லிவிட்டார். மதியமே ஜோயல் பைக்கில் வந்து வாசலில் நின்றான்.

"பேஜாரு பண்ணாம வண்டில ஏறுங்க. நீங்க வரலன்னா எவனும் பேச மாட்டான்."

"நான் வந்தாலும் பேச மாட்றீங்களேடா."

ஜோயல் தலையைச் சொறிந்தான். "இனிமே பேசறோம்."

போனார். புதிய வில்லை, நல்ல வில்லை. ஜோயல் ஊற்றிவிட்டு, "சொல்லுங்க" என்றான். சிநேகா கணவனை முறைத்தாள்.

செல்வராஜ் நிதானமாகக் குடித்தார். "நாக்கு ஓரத்துல தொவர்க்குது. எறங்கனப்புறம் லேசா இனிக்குது."

"வாசனை?"

"தெர்ல."

"எனக்கு வெட்டிவேர்" என்றாள் சியாமளா, சட்டென்று. "இன்னா வெட்டிவேரு, கற்பூரம் மேடம்" என்றான் ஜோயல். சிநேகா இரண்டும் இல்லை என்றாள். குரல்கள் உயர்ந்தன. செல்வராஜ் நடுவில் உட்கார்ந்து, தான் போக முடியாத ஊர்களின் பெயர்களைக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு கிண்ணம் வேண்டுமென்று கையை நீட்டினார்.