பாலத்துக் கைப்பிடி பருத்த கதை

இனிக் கூறப்போகும் செய்தியுள் ஓர் எழுத்தேனும் பொய்யாயின், இதனை எழுதிய கை தன் மூக்கின் அரிப்பைத் தானே தீர்க்க இயலாது தவிக்கக் கடவது. இவ்வாணையை நம்பி, கற்றறிந்தோர் ஐயமின்றிப் படிக்கலாம்.

இளங்கதிர் எழுந்து, ஆற்றுநீர்மேல் பொற்றூள் தூவி, கூரைகளின் பனியை உலர்த்த, கடைக்கதவுகள் ஒவ்வொன்றாய்க் கொட்டாவி விடுவனபோல் திறந்துகொள்ளும் காலைப்பொழுது. சிற்றூர்க்குச் சற்றுப் பெரிதாய், பேரூர்க்குச் சற்றுச் சிறிதாய் அமைந்த அவ்வூரை இருகூறாய்க் கிழித்துக்கொண்டு ஓர் ஆறு ஓடிற்று. கிழிசலைக் கூட்டிய தையல்போல் அதன் குறுக்கே ஒரு நடைபாலம் கிடந்தது. நால்வர் தோளுரசாது நடக்கத்தக்க அகலம், இருமருங்கும் மரக்கைப்பிடி, தலைமாட்டில் ஓர் இரும்பாணி. கைப்பிடிக்குக் கடைசியாய் வண்ணம் பூசியவர் எவரோ, அவருடைய தூரிகையே அவ்வாணியில் தொங்கும் என்பது ஊர்த்தொண்டர் வழக்கம். பரிசில்லை, பாராட்டுக் கூட்டமில்லை. தொங்கும் அத்தூரிகை ஒன்றே பெருமை.

அப்பெருமை இருபது ஆண்டுகளாய் ஒரு தையற்காரர்க்கே உரியதாய் இருந்தது. மனைவியும் இரு பெண்மக்களும் உடைய இல்லறத்தார் அவர். பள்ளிக்கூரை ஒழுகினால் ஓடு மாற்றவும், மரமேறி இறங்கத் தெரியாத பூனையை இறக்கவும், மன்றத்தில் கூட்டமெனில் நாற்காலிகளை நூல்பிடித்தாற்போல் அடுக்கவும், கழுத்தில் அளவுநாடா ஊசலாட அவரே ஓடிவருவார். அவரைக் கண்டதும் ஊரார் தத்தம் கைகளைக் கட்டிக்கொண்டு நிறைவோடு வேடிக்கை பார்ப்பர்.

இருபதாம் ஆண்டின் முடிவில் ஒரு காலை, காய்கறிக் கூடையோடு பாலம் கடந்து வந்த மனைவி கடைவாயிலில் நின்றாள்.

"ஏங்க, பாலத்துக் கைப்பிடியைத் தொட்டுப் பாத்தீங்களா? என்னமா வழுக்குது! வெண்ணெய் மாதிரி, நல்லா இருக்கு."

"யார் அடிச்சது?"

"புதுசா வந்திருக்காரே, அந்த பேக்கரிக்காரர்தான். மஞ்சள் பெயிண்ட். நல்ல கைங்க அவருக்கு."

இருபது முறை அதே கைப்பிடிக்கு நீலம் பூசியவர் அவர். ஒருமுறையேனும் அவள் வாயினின்று 'நல்லா இருக்கு' என்னும் சொல் உதிர்ந்ததில்லை. அச்சொல்லொன்றே அவர் வாழ்நாளில் பெறாத செல்வம். அது நேற்று வந்தவன் மடியில் சென்று விழுந்தது. அன்று அவர் தைத்த சட்டையில் கழுத்திருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதாய் ஒரு கை முளைத்தது. வயிற்றில் மூண்ட அழுக்காற்று அழலோ, தேய்ப்புப்பெட்டிக்குக் கரி தேவையின்றி, அதைத் தம் வயிற்றோடு அணைத்துவைத்தே பதினொரு காற்சட்டைகளைத் தேய்த்து முடிக்கத்தக்கதாய் இருந்தது.

மறுநாள் கைப்பிடி நீலமாயிற்று. அதற்கடுத்த நாள் மஞ்சளாயிற்று. ஆணியில் ஒருவர் தூரிகை ஏறுவதும் மற்றவர் தூரிகை இறங்குவதுமாய்த் திங்கள்கள் உருண்டன. ஒரு பூச்சின் பருமன் தாளின் பருமனே. ஆயினும் பூச்சின்மேல் பூச்சேறி, கைப்பிடிகள் முதலில் கைக்குள் அடங்காவாய், பின்னர் தோளுக்குள் அடங்காவாய், ஈற்றில் ஊதிப்பெருத்த இரு மதில்களாய் ஒன்றையொன்று நோக்கி நெருங்கின. குடை விரித்து நடந்தோர் குடை மடக்கினர். அஞ்சற்காரர் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தார். அக்கரைக்குப் போவோரெல்லாம் உணவைக் குறைத்து மெலிந்ததால், அடுமனையில் ரொட்டி தேங்கிற்று. இடுப்புச் சுருக்கித் தைக்கும் வேலை தையற்காரர்க்குக் குவிந்தது. அதில் அவர் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் அடக்குதல் முறையன்று.

ஒருநாட் காலை, இவர் இக்கரையினின்று நீலத்தோடும், அவர் அக்கரையினின்று மஞ்சளோடும் பூசிக்கொண்டே வந்து நடுப்பாலத்தில் எதிர்ப்பட்டனர். வழிவிட இருவர்க்கும் மனமில்லை. அடுமனைக்காரர் மாவுபோல் உப்பிய உடலினர். தோளை ஒருபக்கம் சாய்த்து இருவரும் முந்தப்புக, மார்பும் மார்பும் மோதி, முதுகுகள் ஈரப்பூச்சில் ஒட்ட, புத்தகத்துள் வைத்த இரு இலைகள்போல் செருகிக்கொண்டனர். வெயில் ஏற ஏறப் பூச்சும் இறுகிற்று.

"உங்க சுத்தளவு நாற்பத்தெட்டு," என்றார் தையற்காரர், தொழிற்பழக்கம் விடாமல். "பாலம் தாங்காது தம்பி."

"அண்ணே, மூச்சு விடாதீங்க. நீங்க விட்டா நான் விட முடியல."

இருகரையிலும் ஊர் திரண்டது, ஒருவரும் அசையவில்லை.

"யாராவது போய்க் கழட்டிவிடுங்கப்பா!"

"இதுக்கெல்லாம் அவங்க ரெண்டு பேரைத்தானே கூப்பிடுவோம்? இப்ப யாரைக் கூப்பிடுறது?"

ஊரார் அதை ஆழ்ந்து ஆராயத் தொடங்கினர். நெஞ்சோடு நெஞ்சு அழுந்திக் கிடந்த தையற்காரர், இனி மறைப்பதற்கு இடமேயில்லாமையால், மெல்லக் கேட்டார்: "உனக்கு ஏம்பா இந்த வேலை? வந்த ஊர்ல ரொட்டி சுட்டோமா, போனோமான்னு இருக்கக் கூடாதா?"

"எங்க வீட்டுல விடுறாளாண்ணே? விடிஞ்சா எழுந்தா, 'அந்தத் தையல்காரரைப் பாருங்க, அவரும் மனுஷன், நீங்களும் மனுஷன்.' ரொட்டியைக்கூட உங்க பேரைச் சொல்லித்தான் கருக விடுவா."

தையற்காரர் வயிற்றை எக்கி, அவர் மூச்சுவிடச் சற்று இடம் கொடுத்தார். வயிற்றழல் தணிந்ததோ, நெருக்கத்தால் மூச்சற்றதோ, உரைப்பது அரிது.

அவ்வேளை கடைக் கத்தரியோடு வந்த தையற்காரர் மனைவி, இருவர் சட்டைகளையும் விலாப்புறம் நெடுகக் கத்தரித்தாள். உரித்த வாழைப்பழங்கள்போல் இருவரும் வழுக்கி வெளிவந்தனர்.

"அண்ணி, நீங்க தெய்வம்," என்றார் அடுமனைக்காரர்.

"நீங்க போய் உங்க அடுப்பைப் பாருங்க," என்றவள் கணவர்பால் திரும்பினாள். "ஊர்ல இருக்கிற மரத்துக்கெல்லாம் சட்டை போட்டாச்சு. நம்ம அடுப்படிக் கதவு பதினோரு வருஷமா அம்மணமா நிக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா? நானும் எத்தனை தடவைதான் சொல்றது?"

மறுநாள் அவர் அக்கதவைத் தேய்த்து, இழைத்து, நீலம் பூசினார். அவள் உலர்ந்தபின் வந்து, விரலால் மேலிருந்து கீழாய் ஒருமுறை தடவினாள்.

"நல்லா இருக்கு."

பின்பு கதவருகே சுவரில் தானே ஓர் ஆணியறைந்து அப்பால் சென்றாள். அவர் தூரிகையைக் கழுவித் துடைத்து, அதில் மாட்டினார். ஊரெங்கும் தேடிய சொல், தம் அடுப்படிச் சுவரில் ஒரு விரற்கடை ஆணியாய்க் காத்திருந்ததை அறிந்தவர்க்குப் பிறர் ஆணியின்மேல் கண்போவதில்லை. அறியாதோர் கண்ணோ, உலகின் எல்லா ஆணிகளையும் எண்ணியெண்ணியே மங்கிப்போகிறது.

அந்நடைபாலம் இன்றும் நிற்கிறது. கட்டிய நாள்தொட்டு அதற்குக் கைப்பிடி வைக்கப்படவில்லை. இதனை எழுதிய கைக்கோ, அரிக்கும் மூக்கு ஏனோ எட்டவில்லை.