தண்ணீர் கேட்காத செடி

"தண்ணி வேண்டாத செடியும் ஒரு செடியோ?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார் அகஸ்ரின்.

மனைவி வேரோனிக்கா வாங்கிவந்து வீட்டு முன்வளவில் நட்டது அது. பட்டர்பிளை வீட். மழை குறைந்த புல்வெளிகளில் தானாக வளர்ந்து செம்மஞ்சளாகப் பூக்குமாம். வேர் பிடித்துவிட்டால் தண்ணீரே தேவையில்லையாம். விற்கிறவன் சொல்வதை நம்புகிற ஆள் அகஸ்ரின் இல்லை.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஒஷாவா புறப்படும்போது வேரோனிக்கா சொன்னாள்: "போன வருசம் றோசாவைத் தண்ணியிலை தாட்டுச் சாக்காட்டினீங்கள். உதுவும் செத்தால் முன்வளவு முழுக்கக் கல்லுக் கொட்டிப்போடுவன். பிறகு ரீவியைப் பாத்துக்கொண்டிருங்கோ."

அந்தத் துண்டு மண்ணை விட்டால் ஸ்காபுரோவில் அவருக்கு வேறு வேலை கிடையாது.

ஜூலை வெயில் எரித்தது. அகஸ்ரினுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஊரில் புகையிலைக் கன்றுக்குச் செய்ததுபோல, செடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, காலையும் மாலையும் ஹோஸ் குழாயால் தண்ணீர் பிடித்தார். இலை மஞ்சளடித்தது. போதவில்லையாக்கும் என்று இன்னும் விட்டார்.

அடுத்த வீட்டு மஸூர் வேலியால் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ண, வயலா விதைக்கிறீங்க?"

"நீ போய் உன்ரை காரைக் கழுவு."

வெள்ளிக்கிழமை பார்த்தால் தண்டின் அடி கறுத்திருந்தது. பொறுக்க முடியாமல் கிண்டினார். களிமண் கூழாகக் கிடந்தது. கரட் கிழங்கு போல நேரே இறங்கிய வேரின் நுனி அழுகி விரலோடு வந்தது. ஞாயிறு வேரோனிக்கா வந்துவிடுவாள்.

அழுகலை வெட்டி எறிந்தார். கார் விடும் டிரைவேயோரம், புல்லும் முளைக்காத மணலும் சல்லியுமான இடத்தில் மிச்சத்தை நட்டார். பிறகு ஹோஸைக் கழற்றிச் சுருட்டி மஸூரிடம் கொண்டுபோனார்.

"நான் கேட்டாலும் தராதை."

பின்னேரமே போய்க் கேட்டார்.

"தர ஏலா அண்ண. நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப சொன்னன். இப்ப கேக்கிறன்."

மஸூர் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினான். அகஸ்ரின் அவனைத் திட்டியபடியே வளவைச் சுற்றி நடந்தார். சனிக்கிழமையும் நடந்தார். வாளியை எடுத்தார், வைத்தார். திரும்பவும் எடுத்தார். கடைசியில் அதைக் கொண்டுபோய் நிலக்கீழ் அறையில் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிறு வந்திறங்கிய வேரோனிக்கா, இரண்டு இலையோடு சாய்ந்து நின்ற செடியைக் குனிந்து பார்த்தாள்.

"இதேன் இஞ்சை நிக்குது?"

"அங்கை அழுகிப்போச்சு."

"தண்ணி விட்டனீங்கள்."

"விட்டனான்."

அவள் ஓர் இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். "வாடியெல்லோ கிடக்கு, பாவம். ஒரு சொட்டு விடுவமோ?"

அகஸ்ரின் குறுக்கே வந்து நின்றார்.

"கல்லை எங்கை எண்டாலும் கொட்டு. உதிலை கை வையாதை."